அறிவியற் புனைகதையும் அதன் அன்பர்களும்

காட்பாடியினின்று பாகாயத்திற்கு வரும் நகரப் பேருந்தில் மாலைப்பொழுதிற் பயணம் செய்வோர் சில நாட்களில் ஒரு காட்சியைக் காணலாம். நிற்பதற்கும் இடமின்றி மக்கள் நெருங்கியிருக்க, மாணவனொருவன் ஒரு கையால் மேற்கம்பியைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கையில் அட்டை கிழிந்த நூலொன்றை விரித்துப் பிடித்து, தான் இறங்கவேண்டிய இடம் கடந்துபோனதையும் உணராது வாசித்துக்கொண்டிருப்பான். அது பாடநூலன்று; சந்திர மண்டலத்தையோ, காலத்தைக் கடந்து செல்லும் வண்டியையோ, மனிதரைப்போற் பேசும் பொறியையோ பற்றிய கதையாக இருக்கும். அருகில் நிற்கும் பெரியவர் ஒருவர், "தம்பி, இதை வாசிப்பதனால் உனக்கு என்ன பயன்?" என்று கேட்பாராயின், அவன் நாணி நூலை மூடுவானேயன்றி விடை கூறான். விடை இல்லாமை அதற்குக் காரணமன்று. தான் விரும்பும் ஒன்றை ஏன் விரும்புகிறோம் என்று அவன் ஆராய்ந்து பாராமையே காரணம். அவ்வாராய்ச்சியை அவன்பொருட்டு ஒருவாறு செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. இவ்வகைக் கதையின் இயல்பு

அறிவியற் புனைகதை என்பது யாது? வியத்தகு பொருளொன்று வருவதனாலேயே ஒரு கதை இவ்வகையைச் சாராது. நம் பழங்காப்பியங்களில் அத்தகைய பொருள்களுக்குக் குறைவில்லை. சீவகசிந்தாமணியிற் சச்சந்தன் தன் தேவி விசயையைக் காக்கும்பொருட்டு மயிற்பொறியொன்றைச் செய்வித்து, அதனை வானிற் செலுத்தும் முறையையும் அவள் பயிலுமாறு செய்கின்றான். அஃது அரசியைச் சுடுகாட்டிற் கொண்டுசேர்த்ததும் அதன் பணி முடிந்துவிடுகின்றது. இத்தகைய பொறி ஒன்று செய்யக்கூடுமாயின் நூறு செய்யலாமே, நூறு பறக்குமாயின் மதிலாலும் அகழியாலும் என்ன பயன் என்று காப்பியம் வினவவில்லை. அதன் நோக்கம் வேறாதலின் வினவவேண்டுவதும் இல்லை.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு இதனின்றும் சிறிது வேறுபட்டது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன் மதுரையிற் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்து வருகின்றான். அவன்மீது சினங்கொண்ட இந்திரன் பாண்டி நாட்டில் மழையும் விளைவும் பெருகச் செய்கின்றான். பசித்தவரே இல்லாமற் போகவே, கேட்பாரற்ற பாத்திரத்துடன் ஆபுத்திரன் ஊர் ஊராக அலைகின்றான். இறுதியில் மணிபல்லவத்திற் கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு உயிர் துறக்கின்றான். உணவு குறையாப் பாத்திரம் ஒன்று உளதென்று கொண்டால், அதனை வேண்டுவார் இல்லாத நாட்டில் அதன் நிலை யாது, அதனை உடையவன் நிலை யாது என்று சாத்தனார் சிந்தித்திருக்கின்றார். காப்பியம் அறிவியற் புனைகதை ஆகாது. எனினும் அவ்வகைக் கதையின் வித்து இச்சிந்தனையில் இருக்கின்றது.

ஆதலின், உலகில் ஒன்றை மட்டும் மாற்றி, அம்மாற்றத்தின் விளைவுகளை அறிவுக்கு இணங்கப் படிப்படியாகத் தொடர்ந்து செல்லும் கதையே அறிவியற் புனைகதை என்று நாம் ஒரு வரையறை செய்துகொள்ளலாம். மேனாட்டில் மேரி ஷெல்லி அம்மையார் 1818-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நாவலை இவ்வகையின் தொடக்கமாகப் பலர் கொள்வர். பின்னர்ப் பிரெஞ்சு நாட்டு ஜூல்ஸ் வேர்னும், ஆங்கிலேயராகிய எச். ஜி. வெல்ஸும் இதனை வளர்த்தனர்.

வெல்ஸ் 1897-இல் எழுதிய 'கட்புலனாகா மனிதன்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுக் கதைகளில் ஒருவன் அஞ்சனம் தீட்டிக்கொண்டு மறைந்தால், அவன் உடையும் உடன் மறையும். உண்ட உணவும் மறையும். வெல்ஸ் அவ்வாறு விடுவதில்லை. உடல் மட்டுமே மறையுமாயின் உடை மறையாது. ஆதலால் அவன் குளிரில் ஆடையின்றித் திரியவேண்டும். உண்ட உணவு உடலோடு கலக்கும்வரை வெளியே தெரியும். ஆதலால் அவன் ஒளிந்து உண்ணவேண்டும். ஈரத் தரையில் அடிச்சுவடு பதியும். நாய் மோப்பம் பிடிக்கும். பெரும் ஆற்றலாகத் தோன்றியது பெருந்துன்பமாக மாறிவிடுகின்றது. ஒன்றை மாற்றினார், மற்றவை தத்தம் விதிப்படியே நடக்க விட்டார். கதையின் சுவை முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது.

2. முதற் காரணம்: வியப்பு

இக்கதைகளின்பால் மக்களை ஈர்ப்பவை பல. அவற்றுள் முதலாவது வியப்பு. சிறுவயதில் மொட்டை மாடியிற் படுத்து விண்மீன்களை எண்ணிய எவர்க்கும் இவ்வுணர்ச்சி புதிதன்று. தாம் கண்ட அளவே உலகம் அன்று என்று அறியுந்தோறும் உள்ளம் விரிகின்றது.

இவ்வுணர்ச்சிக்கு வேண்டிய பொருள் நம் மாவட்டங்களின் அருகிலேயே இருக்கின்றது. சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1960-களின் இறுதியில் ஒரு வானாராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. 1977-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது உலகில் அதனை உற்றுநோக்கிய இடங்களுள் காவலூரும் ஒன்று. அக்கோளுக்கு வளையங்கள் உண்டென்பது அம்மறைப்பினால் வெளிப்பட்டது. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கி அங்குத் தொடங்கிவைக்கப்பெற்று, அதனை உருவாக்க உழைத்து 1982-இல் மறைந்த அறிஞர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. 1988-இல் அங்குக் கண்டறியப்பட்ட சிறுகோளொன்றுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் இடப்பட்டது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோற்கிடங்குகளின் வாடையிடையே வளர்ந்த ஒரு சிறுவன், தன் ஊர்க்குத் தெற்கே தெரியும் அம்மலையின்மேல் மனிதர் விழித்திருந்து யுரேனஸைப் பார்க்கின்றனர் என்று முதன்முதல் அறியும்போது அவனுக்குண்டாகும் கிளர்ச்சியை நினைத்துப் பாருங்கள். அக்கிளர்ச்சியை உண்மை ஒருமுறை தருகின்றது. அறிவியற் புனைகதை அதனை மீண்டும் மீண்டும் தரமுயல்கின்றது.

ஆயினும் வியப்பு ஒன்றே காரணம் என்று கூறிவிடலாகாது. வியப்பு விரைவிற் பழகிப்போகும் இயல்பினது. வானூர்தி முதலிற் பறந்தபோது ஊரே திரண்டு அண்ணாந்து பார்த்தது. இன்று ஒருவரும் தலை நிமிர்வதில்லை. ஜூல்ஸ் வேர்ன் 1870-இல் நூலாக வெளியிட்ட 'கடலடியில் இருபதாயிரம் காதம்' என்னும் கதையில் வரும் நீர்மூழ்கிக் கப்பல் நமக்கு இன்று புதுமையன்று. எனினும் அந்நூல் இன்றும் வாசிக்கப்படுகின்றது. ஆகவே வேறு காரணமும் இருத்தல்வேண்டும்.

3. இரண்டாம் காரணம்: வாசகனும் உடன் ஆராய்தல்

பிற கதைகளில் ஆசிரியர் கூறுவார், வாசகன் கேட்பான். அறிவியற் புனைகதையிலோ வாசகன் இடையிடையே புத்தகத்தை மூடிவைத்து, "இஃது உண்மையானால் அதுவும் உண்மையாகவேண்டுமே, ஆசிரியர் அதனை மறந்தனரோ?" என்று தானே வாதிடத் தொடங்குகின்றான். தொடக்கத்தில் ஆசிரியர் விதியைக் கூறிவிடுகின்றார். பின்னர் அவ்விதியை வைத்து ஆடும் ஆட்டத்தில் இருவர்க்கும் சம உரிமை உண்டு.

ஐசக் அசிமோவ் என்பார் 1942-ஆம் ஆண்டில் வெளியான கதையொன்றில் எந்திர மனிதர்க்கு மூன்று விதிகளை வகுத்தார். எந்திரம் மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது, தீங்கு நேரப் பார்த்திருத்தலும் ஆகாது. அதற்கு மாறுபடாதவரை மனிதன் ஏவலுக்குக் கீழ்ப்படியவேண்டும். இவ்விரண்டிற்கும் மாறுபடாதவரை தன்னைத் தான் காத்துக்கொள்ளவேண்டும் என்பன அவை. கேட்பதற்கு இவை குற்றமற்ற விதிகளாகவே தோன்றும். ஆனால் இவற்றுள் ஒன்றோடொன்று முட்டும் இடங்களைத் தேடித் தேடியே அவர் கதை புனைந்தார். வாசகரும் அவ்வாறே தேடினர். நீதிநூல் பயிலும் மாணவர்க்கும் சட்டம் பயிலும் மாணவர்க்கும் இஃது எத்துணைச் சிறந்த பயிற்சி என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய கதைகளின் வாசகர் வெறும் வாசகராக நில்லாமல் அன்பர் கூட்டமாகத் திரள்வதற்கும் இதுவே காரணம் என்பது எம் துணிபு. 1926-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் அமெரிக்காவில் இவ்வகைக் கதைகளுக்கென்றே 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்களை அவர்தம் முகவரியோடு வெளியிட்டார். கதையிலுள்ள பௌதிகப் பிழைகளைச் சுட்டி எழுதியவர்கள், அம்முகவரிகளைக் கொண்டு ஒருவர்க்கொருவர் கடிதம் எழுதலாயினர், கழகங்கள் தோன்றின, 1939-இல் நியூயார்க் நகரில் உலக மாநாடு என்னும் பெயரோடு ஒன்றுகூடவும் செய்தனர். தனித்து வாசித்தவர்க்குத் தம்மோடு வாதிட ஒரு தோழர் வேண்டியிருந்தது. வாதிடுதற்கு இடந்தரும் கதையே தோழரைத் தேடச் செய்யும்.

நம் தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்தவர்களுள் தலையாயவர் 'சுஜாதா' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட எஸ். ரங்கராஜன் ஆவர். 1935-இற் பிறந்து திருவரங்கத்தில் வளர்ந்த இவர், நம்மைப்போன்றே ஒரு மிஷன் கல்லூரியில், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில், பௌதிகம் பயின்றவர். பின்னர்ச் சென்னையில் மின்னணுவியல் கற்று, பெங்களூரில் பாரத மின்னணு நிறுவனத்திற் பணியாற்றி, வாக்குப்பதிவு எந்திரத்தின் ஆக்கத்திலும் பங்குகொண்டவர். கதை எழுதியதோடு அமையாது, 'ஜூனியர் விகடன்' இதழில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் தலைப்பில் வாசகர் கேட்ட அறிவியல் வினாக்களுக்கு விடையும் அளித்துவந்தார். வினவும் வாசகரைத் தாமே உண்டாக்கிக்கொண்ட எழுத்தாளர் என்று அவரைக் கூறலாம்.

4. மூன்றாம் காரணம்: வேறோர் உலகம் இயலும் என்னும் நினைவு

இனி மூன்றாவது காரணத்தைக் காண்போம். உலகம் இன்றுள்ளவாறே என்றும் இருந்தது, என்றும் இருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. ஒடுக்கப்பட்டோர்க்கு அவ்வெண்ணமே முதல் விலங்கு. அவ்விலங்கைத் தளர்த்தும் ஆற்றல் இக்கதைகளுக்கு உண்டு.

இதற்குச் சான்று தேட மேனாடு செல்லவேண்டுவதில்லை. கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-ஆம் ஆண்டு தொடங்கி நடத்திய 'இந்திய மாதர் இதழ்' என்னும் ஆங்கில இதழ் சென்னையிலிருந்து வெளிவந்தது. அதில் 1905-ஆம் ஆண்டு 'சுல்தானாவின் கனவு' என்னும் சிறுகதை வெளியாயிற்று. எழுதியவர் வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் அம்மையார். பள்ளி சென்று பயிலும் வாய்ப்பின்றி, வீட்டிலேயே உடன்பிறந்தாரின் துணையால் ஆங்கிலம் கற்றவர். திரைக்குப்பின் வாழும் வழக்கமுடைய குடும்பத்தினர்.

அக்கதையில் அவர் செய்த மாற்றம் ஒன்றே. பெண்கள் வீட்டினுள்ளும் ஆண்கள் வெளியிலும் இருப்பதற்கு மாறாக, ஆண்கள் உள்ளேயும் பெண்கள் வெளியேயும் இருக்கும் நாடொன்றைப் படைத்தார். பின்னர் விளைவுகளைத் தொடர்ந்தார். அந்நாட்டில் மகளிர்க்கெனப் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்றில் மேகத்திலிருந்து நீரை நேரே பெறும் வழி காண்கின்றனர். மற்றொன்றிற் சூரிய வெப்பத்தைச் சேமித்துவைக்கும் கருவி செய்கின்றனர். சமையலறையிற் புகையில்லை, வானிற் செல்லும் ஊர்தி உண்டு, பகைவர் படையெடுத்து வந்தபோது திரட்டிய கதிரவன் ஒளியையே அவர்மேற் செலுத்தி ஓட்டிவிடுகின்றனர். கருவிகள் வியப்பானவையே, ஆயினும் அக்கதையின் உயிர் கருவிகளில் இல்லை. 'பெண்கள் அறியார், இயலார்' என்பது இயற்கை விதியன்று, மனிதர் இட்ட கதவு என்று காட்டுவதில் இருக்கின்றது.

அக்கதை வெளியாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1918-இல், ஐடா ஸ்கடர் அம்மையார் இவ்வேலூரிற் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து இப்பாகாயத்திற் கால்கொண்டது. கதையினாற் பள்ளி வந்தது என்று நாம் கூறவில்லை. ஒன்றற்கொன்று தொடர்பிருந்ததாக ஒரு சான்றும் இல்லை. ஆயினும், திரைக்குப்பின் இருந்த ஒரு பெண் கதையாக எழுதத் துணிந்ததையும், வேலூரில் மற்றொருவர் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பத் துணிந்ததையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது, 'இப்படியும் இருக்கலாமே' என்னும் ஒரே நினைவு இரண்டிற்கும் அடியில் இருப்பதைக் காணலாம்.

5. நான்காம் காரணம்: 'இப்படியே போனால்?'

நம்பிக்கைக்கு மறுபுறம் அச்சம். இன்று நடப்பது இப்படியே நெடுங்காலம் நடந்தால் முடிவு யாதாகும் என்று கேட்பது இக்கதைகளின் மற்றொரு வழக்கம். வெல்ஸின் 'காலப்பொறி' 1895-இல் வெளிவந்தது. அதன் தலைவன் பொறியேறிச் சென்று கி.பி. 802701-ஆம் ஆண்டில் இறங்குகின்றான். அங்கு மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது: மண்ணின்மேல் உழைப்பறியா மெல்லியர், மண்ணின்கீழ் ஒளியறியா உழைப்பாளர். செல்வரையும் தொழிலாளரையும் அக்கால இங்கிலாந்து பிரித்துவைத்த பிரிவே எட்டு லட்சம் ஆண்டுகள் நீண்டு அவ்வாறாயிற்று என்பது கதையின் உட்கருத்து. செக் நாட்டுக் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தின் மூலம் உலகிற்கு வந்த 'ரோபோ' என்னும் சொல்லும் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்ததே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் 'ஆனந்த விகட'னிற் தொடராக வெளிவந்தது. அதில் ஜீவா என்னும் ஒருவரின் ஆட்சி நடக்கின்றது. மக்களின் பெயர் இரண்டெழுத்தாகச் சுருங்கிவிட்டது. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். எத்தனை வயதுவரை வாழலாம் என்பதையும் அரசே வரையறுக்கும். எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் ஒருவர்க்கும் தம் வாழ்வு தமதன்று. இத்தகைய உலகில் நிலா என்னும் பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்னும் பொறிநாய். அது நூல்களை வாசிக்கின்றது, ஐயம் எழுப்புகின்றது, நகைச்சுவையாகப் பேசுகின்றது. மனிதர் கேளாத கேள்விகளை அப்பொறி கேட்கின்றது. வாசகர் அந்நாயின்மீது வைத்த அன்பு பெரிது. 'மீண்டும் ஜீனோ' என்று மற்றொரு தொடரும் அதன்பின் வந்தது. கதையின் முடிவைக் கூறி, வாசியாதவர் இன்பத்தைக் கெடுக்க விரும்பவில்லை. மனிதர் பொறிகளாக ஆகிவரும் நாட்டிற் பொறி ஒன்று மனிதத் தன்மை அடைந்து வருவதை அத்தமிழ் வாசகர் விரும்பினர் என்பதை மட்டும் குறிப்பிடுவோம். கைப்பேசியில் வினவினால் விடை எழுதித்தரும் பொறிகள் வந்துவிட்ட இந்நாளில், நாம் சிந்திக்க, பொறி எழுதுமா, பொறி சிந்திக்க, நாம் எழுதுவோமா என்னும் கேள்விக்கு ஜீனோ இன்னும் பழமையாகிவிடவில்லை.

'இப்படியே போனால்?' என்னும் கேள்வி கதைக்கு மட்டும் உரியதன்று. நம் பாலாற்றங்கரையே இதற்குச் சான்று. இவ்வட்டாரத்தில் யாவரும் 'டேனரி' என்றழைக்கும் தோல் பதனிடுசாலைகள், முற்காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோலைப் பதனிட்டன. பின்னர்க் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது, வேலை விரைந்தது, ஏற்றுமதி பெருகியது, ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனாற் பிழைத்தன, இன்றும் பிழைக்கின்றன. அந்நன்மையை மறுப்பார் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு வெளியேறும் இக்கழிவுநீர், நாள்தோறும் இப்படியே வெளியேறினால், இருபது ஆண்டுகட்குப்பின் கிணற்று நீர் என்னாகும் என்று தக்க காலத்திற் கேட்டவர் மிகச் சிலர்.

விடையைக் கதையாசிரியர் கூறவில்லை, நீதிமன்றம் கூறவேண்டியதாயிற்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் என்னும் அமைப்பு 1991-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளிக்கப்பட்டது. தோற்சாலைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்றும், தீங்கு நேரக்கூடும் எனத் தோன்றுமிடத்து முழுச் சான்று வரும்வரை காத்திராமல் முன்னரே தடுக்கவேண்டும் என்றும் நீதிமன்றம் இரண்டு நெறிகளை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இரண்டாவதாகக் கூறிய முன்னெச்சரிக்கை நெறியைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். வாராத காலத்தை மனத்திற் கண்டு, அதற்கு இன்றே பொறுப்பேற்பது அது. வெல்ஸும் சுஜாதாவும் கதையிற் செய்ததும் அதுவேயன்றோ?

6. தடைகளும் விடைகளும்

இவ்வளவு கூறியபின்னும் சில தடைகள் எழும்.

இக்கதைகள் எதிர்காலத்தைப் பெரும்பாலும் தவறாகவே கூறுகின்றன என்பது ஒரு தடை. இஃது உண்மையே. ஆனால் முன்னறிவித்தல் இவற்றின் தொழிலன்று. 1956-ஆம் ஆண்டு முதல் 2008-இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், நிலவுலகோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்களாற் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் எழுதினார். பின்னர் அது நிறைவேறிற்று. அதனை அவர் கதையாக எழுதவில்லை. கணக்குகளோடு கூடிய கட்டுரையாக எழுதினார். முன்கூறலுக்குக் கட்டுரை போதும். அம்மாற்றத்தின் நடுவே வாழும் மனிதன் என்ன உணர்வான் என்பதற்கே கதை வேண்டும். அவ்வுணர்ச்சி மெய்யாயின், ஆண்டுக்கணக்குப் பிழைத்தாலும் கதை பிழையாது.

இவை மேனாட்டுச் சரக்கு என்பது மற்றொரு தடை. 1905-இற் சென்னையில் அச்சான கதையை மேலே கண்டோம். வங்காளத்து விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1896-ஆம் ஆண்டிலேயே இவ்வகைக் கதையொன்றைத் தம் தாய்மொழியில் எழுதியிருக்கின்றார். வித்து எங்கிருந்து வந்தாலும், மண் நமதாயின் மரமும் நமதே.

தரங்குறைந்த கதைகள் மிகுதி என்பது மூன்றாவது தடை. இதனை நாமும் ஒப்புகின்றோம். பேய்க்குப் பதிலாகப் பொறியை நிறுத்தி, மந்திரத்திற்குப் பதிலாக மின்சாரத்தைக் கூறிவிட்டால் அறிவியற் புனைகதை ஆகிவிடும் என்று எண்ணுவோர் உளர். அவர்தம் கதைகளில் மாந்தர்க்கு உயிரில்லை, விதிக்கும் கட்டுப்பாடில்லை, இக்கட்டு வந்தபோதெல்லாம் புதியதொரு கருவி முளைக்கின்றது. திரைப்படத்திலும் இதனைக் காணலாம். வேற்றுலகத்தார் வந்திறங்கும் 'கலை அரசி' 1963-இலும், சுஜாதா தம் இறுதி நாட்களில் உரையாடல் எழுதுவதிற் பங்குகொண்ட 'எந்திரன்' 2010-இலும் வெளிவந்தன. இடையிலும் பின்னும் பல வந்தன. பொறி காட்டும் வித்தையைக் காணக் கூட்டம் வரும். ஆனால் பொறி எழுப்பும் கேள்வியே காண்போனுடன் வீடுவரை செல்லும். எது தன்னுடன் வந்தது என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக.

7. மாணவர்க்கு ஒரு பயிற்சி

இக்கதைகளை வாசிக்க விரும்பும் மாணவர், வாசித்து முடித்ததும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதிப் பார்த்தல் நன்று. ஆசிரியர் உலகில் மாற்றிய ஒன்று யாது? அம்மாற்றத்தினின்று அவர் கண்ட விளைவுகள் யாவை? அவர் காணாமல் விட்ட விளைவு ஏதேனும் உண்டா? இம்மாற்றம் நம் ஊரில் நேர்ந்தால் முதலில் யாருடைய வாழ்வு மாறும்?

எடுத்துக்காட்டாக, ஆபுத்திரனின் அமுதசுரபி ஒன்றன்று, வீட்டிற்கொன்றாக வேலூர் மாவட்டம் முழுவதும் கிடைத்துவிட்டதென்று கொள்வோம். பசி ஒழிந்தது, மகிழ்ச்சி. உழவர் இனி எதனை விளைப்பர்? அரிசி ஆலைகளும் அங்காடிகளும் என்னாகும்? கூலிக்காக மட்டுமே தோற்சாலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் உழைக்கும் பெண்கள் மறுநாட் காலை வேலைக்குச் செல்வார்களா? செல்லாராயின், தோல் வேலையைச் செய்பவர் யார், என்ன கூலிக்கு? பசியைக் காட்டி ஒருவரை ஒருவர் ஏவும் ஆற்றல் ஒழிந்தபின், எதனைக் காட்டி ஏவுவர்? நாலைந்து வினாக்களுக்குள், உணவைப் பற்றித் தொடங்கிய பேச்சு அதிகாரத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டதைக் காண்கின்றோம். பொருளாதார ஆசிரியர் ஒரு பருவம் முழுதும் கற்பிப்பதிற் சிறிது நாம் விளையாட்டாகவே கற்றுவிட்டோம்.

முடிவுரை

தொகுத்துக் கூறுமிடத்து, வியப்பு வாசகனை இக்கதைகளிடம் அழைத்து வருகின்றது. உடன் ஆராயும் உரிமை அவனை அங்கு நிறுத்துகின்றது. வேறோர் உலகம் இயலும் என்னும் நினைவும், இப்படியே போனால் என்னாகும் என்னும் அச்சமும் அவனை மாற்றி அனுப்புகின்றன. எதிர்காலம் பெரியோர் சிலர் வகுத்துத் தருவதன்று, தன்னையும் கேட்டே ஆகவேண்டுவது என்று ஒரு கதை அவனை மதித்து நடத்துகின்றது. இளைஞர் இதனை விரும்புவதில் வியப்பென்னை?

பாலாற்றின் கரையில் ஒரு தலைமுறைக்கு முன்னர் இத்தகைய வாசகர் இன்னும் பலர் இருந்து, கிணறுகள் கெடுமுன்னரே அக்கேள்வியைக் கேட்டிருப்பின், நீதிமன்றம்வரை செல்லவேண்டிய நிலை வந்திருக்குமோ என்று நினையாதிருக்க முடியவில்லை. ஆகவே, பேருந்தில் நின்றுகொண்டு வாசிக்கும் அம்மாணவனைக் காணும் பெரியோர்கள், இதனால் என்ன பயன் என்று கேட்பதை விடுத்து, கதையில் ஆசிரியர் எதனை மாற்றினார் என்று கேட்பாராக. அவன் நாணி நூலை மூடமாட்டான். பேருந்து பாகாயம் சேரும்வரை பேசிக்கொண்டு வருவான்.